“திருப்தியில்லை” என்றால் தீர்ந்துவிட்டதா?

ஒரு கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கடிதந்தானே என்று தள்ளிவிட வேண்டாம். தறி ஓட்டுகிறவர், லேத்துப் பட்டறையில் நிற்கிறவர், பஸ் ஓட்டுகிறவர் — இப்படி உழைத்துப் பிழைக்கும் ஒருவருடைய மகன் என்று வைத்துக்கொள்வோம். பட்டப்படிப்பை முடித்தான். மேற்படிப்புக்குக் கனடாவிலே இடம் கிடைத்தது. முதலாண்டுச் சம்பளம் கட்டியாயிற்று. தாயின் சங்கிலி அடகுக் கடையிலே, வீட்டுப் பத்திரம் பாங்கிலே. விண்ணப்பத்துக்கு 150 டாலர், கைரேகைக்கு 85 டாலர். காத்திருந்தார்கள். கடிதம் வந்தது. அதன் சாரமெல்லாம் ஒரே வரிதான். தங்கும் காலம் முடிந்ததும் நீ கனடாவை விட்டு வெளியேறுவாய் என்பதிலே எனக்குத் திருப்தி ஏற்படவில்லை!

யாருக்குத் திருப்தி ஏற்படவில்லை? பெயரில்லாத ஓர் அதிகாரிக்கு. அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தாரா? இல்லை. கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டாரா? பெரும்பாலும் அதுவும் இல்லை. கம்ப்யூட்டர் திரையிலே காகிதங்களைப் பார்த்தார், முடிவு செய்தார். குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பு அந்த ஒரு வரியிலே முட்டி நின்றது.

இப்படிப்பட்ட வரியை எதிர்த்துக் கேட்க ஓர் இடமுண்டா? அதிகாரி சொன்னால் அத்தோடு சரியா? மேலே ஒரு நீதிபதி இருந்து, “ஐயா, ஏன் திருப்தியில்லை? காரணத்தைக் காட்டு!” என்று கேட்க முடியுமா? இதுதான் இன்றைக்கு நாம் பார்க்கப்போகிற விஷயம்.

நாட்டுக்கு நாடு விடை வேறு. அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தூதரக அதிகாரி மாணவர் விசாவை மறுத்தால், பொதுவாக எந்த நீதிமன்றமும் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. 1972இலே மாண்டல் வழக்கு, 2024 ஜூன் மாதம் முனோஸ் வழக்கு என்று அந்த நாட்டு உச்சநீதிமன்றமே இந்தக் கொள்கைக்கு முத்திரை குத்தியிருக்கிறது. சுதந்திரதேவிக்குச் சிலை எழுப்பிய நாடு! அதன் தூதரக ஜன்னலுக்கு வெளியே நிற்பவனுக்கு நீதிமன்ற வாசல் கிடையாது.

பிரிட்டனிலே கதை வேறு மாதிரி. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாணவர்களுக்கிருந்த மேல்முறையீட்டு உரிமையைப் பறித்தார்கள். மறுத்த இலாகாவே தன் மறுப்பை மறுபடி பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் நீதிமன்ற மறு ஆய்வு ஒன்றுதான். அதே 2014இலே ஆங்கிலத் தேர்வு விவகாரம் வெடித்தது. தேர்வு மையங்களிலே ஆள்மாறாட்டம் நடக்கிறது என்று தொலைக்காட்சி படம் பிடித்துக் காட்டிற்று. உண்மையிலேயே மோசடி நடந்தது, மறுக்கவில்லை. ஆனால், தேர்வு நடத்திய நிறுவனம் 58 ஆயிரத்துக்கு மேற்பட்ட தேர்வுகளைச் சோதித்து, நூற்றுக்கு 97 சந்தேகத்துக்குரியவை என்று சொல்லிவிட்டது! நூற்றுக்கு மூன்று பேர்தாம் யோக்கியர்களாம்! ஆயிரக்கணக்கான மாணவர்களின் அனுமதி ரத்தாயிற்று. “முதலில் நாட்டை விட்டுப் போ, அங்கிருந்து முறையிடு” என்றார்கள் பலரிடம். தன் நாணயத்தைச் சந்தேகிக்கும்போது, நேரில் நின்று சாட்சி சொல்ல முடியாத முறையீடு என்ன முறையீடு என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள 2017 ஆயிற்று. பிறகு ஆயிரக்கணக்கானோர் வழக்காடி வென்றார்கள். அதற்குள் படிப்புப் போயிற்று, பணம் போயிற்று, சிலருக்குத் திருமணப் பேச்சே முறிந்தது. கள்ளனைப் பிடிக்க வலை வீசலாம். வலையில் விழுந்ததெல்லாம் கள்ளன் என்று எழுதிவிடலாமா?

இனிக் கனடாவுக்கு வருவோம். சொல்லவேண்டியது அங்கேதான் அதிகம்.

அந்த நாட்டின் கதவு முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கப்பல் சாட்சி. 1914 மே மாதம் கோமகாட்டா மாரு என்ற கப்பல் 376 பேரோடு வான்கூவர் துறைமுகத்துக்குப் போய் நின்றது. பெரும்பாலோர் பஞ்சாப் சீக்கியர்கள், முஸ்லிம்களும் இந்துக்களும் சிலர். எல்லோரும் அதே பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள். சாம்ராஜ்யம் ஒன்று, கதவு மட்டும் வேறு! பிறந்த நாட்டிலிருந்து இடையிலே நிற்காமல் ஒரே பயணமாக வரவேண்டும் என்று ஒரு விதி. இந்தியாவிலிருந்து அப்படி வர வழியே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். கையிலே 200 டாலர் வேண்டும் என்று இன்னொரு விதி. இரண்டு மாதம் கப்பல் கடலிலேயே நின்றது. முன்ஷி சிங் என்பவர் பெயரிலே சோதனை வழக்குப் போட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், குடிநுழைவு அதிகாரிகளின் முடிவிலே நாங்கள் தலையிட முடியாது என்று கைவிரித்தார்கள். ஜூலை 23ஆம் நாள் கப்பல் திரும்பிற்று. செப்டம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ்பட்ஜிலே போலீஸ் துப்பாக்கிச் சூடு; இருபது பேரளவில் மாண்டார்கள். அந்நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்திலே எழுந்து மன்னிப்புக் கேட்டது 2016 மே 18ஆம் நாள். நூறாண்டு கழித்து!

“தலையிட முடியாது” என்று சொன்ன நாட்டிலே, தலையிடும் நீதிமன்றம் எப்படி வந்தது? பல படிகள் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதற்படியைக் கட்டிக்கொடுத்தவர் ஒரு வீட்டுவேலைக்காரப் பெண்மணி. பேரறிஞர் அல்ல, பெருந்தனக்காரர் அல்ல. மேவிஸ் பேக்கர் என்ற அந்த அம்மையார் 1981இலே ஜமைக்காவிலிருந்து போனவர். பதினோரு ஆண்டு பிறர் வீட்டிலே தங்கி வேலை செய்தார். நான்கு குழந்தைகள் அங்கேயே பிறந்தன. 1992இலே நாடு கடத்த உத்தரவு வந்தது. மனிதாபிமான அடிப்படையிலே இருக்க விடுங்கள் என்று மனுப் போட்டார். மறுத்தார்கள், காரணம் சொல்லவில்லை. வக்கீல் விடாமல் கேட்டபோது அதிகாரியின் குறிப்பு வெளிவந்தது. அந்தக் குறிப்பிலே சட்டம் இல்லை, எரிச்சல் இருந்தது. இத்தனை பிள்ளைகளாம், மனநோயாம், இவளால் அரசாங்கப் பணத்துக்குப் பாரமாம்! 1999 ஜூலை மாதம் கனடா உச்சநீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. ஒருவருடைய வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், முடிவு செய்பவர் நடுநிலை தவறியதாகத் தோன்றவும் கூடாது என்றது. தட்டு கழுவிய கைகள்! இன்று மாணவர்களுக்காக வாதாடும் வக்கீல்கள் அந்த அம்மையார் பெயரைச் சொல்லித்தான் வாதத்தைத் தொடங்குகிறார்கள்.

இரண்டாம் படி, சினிமாக்காரர் கற்பனையையும் மிஞ்சியது. டொராண்டோவிலே பிறந்த அலெக்ஸாண்டர் வாவிலோவ் என்ற இளைஞனின் தாய் தந்தையர் உண்மையிலே ரஷ்ய ஒற்றர்கள். செத்துப்போன கனடியர்களின் பெயரைப் பூண்டு வாழ்ந்தவர்கள். 2010இலே அமெரிக்காவிலே பிடிபட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. 2014இலே அவனுடைய கனடா குடியுரிமையை ஓர் அதிகாரி ரத்து செய்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2019 டிசம்பர் 19ஆம் நாள் தீர்ப்பாயிற்று. அவன் ஜெயித்தான். அவன் ஜெயித்ததைவிடப் பெரிது, அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல். அதிகாரியின் முடிவு நியாயமானதாயிருக்க வேண்டும். சான்றிலிருந்து முடிவுக்குப் போன வழி படிப்பவனுக்குத் தெரியவேண்டும். பாதிப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு தெளிவாகக் காரணம் சொல்லவேண்டும். இன்று மாணவர் அனுமதி மறுப்பு வழக்குகளையெல்லாம் இந்த அளவுகோலால்தான் அளக்கிறார்கள். ஒற்றனின் மகன் வாங்கித் தந்த அளவுகோல், உழைப்பாளியின் மகனுக்குப் பயன்படுகிறது!

இப்போது நம் பிள்ளைக்கு வந்த கடிதத்தை அதன் பக்கத்திலே வைத்துப் பாருங்கள்.

சட்டம் சொல்வது என்ன? குடிநுழைவு விதிகளின் 216ஆம் பிரிவு, காலம் முடிந்ததும் திரும்பிப் போவான் என்று நிலைநாட்டப்பட்டால் அனுமதி தரவேண்டும் என்கிறது. நிலைநாட்டும் பொறுப்பு மாணவன் தலையிலே. எப்படி நிலைநாட்டுவது? நாளை நடக்கப்போவதற்கு இன்று ரசீது காட்ட முடியுமா? மணமாகாதவனா? ஊரிலே கட்டிப்போட ஒன்றுமில்லை, திரும்பமாட்டான். மணமாகி மனைவியையும் அழைத்துப் போகிறானா? குடும்பமே அங்கே போய்விட்டது, திரும்பமாட்டான். சொத்தில்லையா? இங்கே என்ன இருக்கிறது, திரும்பமாட்டான். முன்பு படித்த துறையிலேயே மேலே படிக்கிறானா? ஏற்கெனவே படித்ததுதானே, எதற்கு? வேறு துறையா? சம்பந்தமே இல்லையே, எதற்கு? இப்படி வலப்பக்கம் திரும்பினாலும் அடி, இடப்பக்கம் திரும்பினாலும் அடி. இத்தனைக்கும், பிற்காலத்தில் நிரந்தரமாகத் தங்க விரும்புவதே குற்றமல்ல, அனுமதி முடிந்தால் வெளியேறுவான் என்றிருந்தால் போதும் என்று மூலச்சட்டத்தின் 22ஆம் பிரிவே சொல்கிறது.

கனடாவின் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு இப்படிப்பட்ட மறுப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. நீதிபதிகள் மறுபடி மறுபடி சொல்லியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். இளைஞன், மணமாகாதவன் என்பது மட்டுமே காரணமாகாது. மாணவர்களில் பெரும்பாலோர் அப்படித்தானே இருப்பார்கள்? இந்தப் படிப்பு உனக்கு எதற்கு என்று தொழில் ஆலோசனை சொல்வது விசா அதிகாரியின் வேலையல்ல. தகப்பன் பாங்குக் கணக்கு காட்டியிருக்க, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பணம் போதாது என்று எழுதக்கூடாது. நீளமாக எழுது என்று கேட்கவில்லை. ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவியும் இடத்திலே நாலு வரி போதும். ஆனால் அந்த நாலு வரியிலே காரணம் இருக்கவேண்டும்!

எதிர்த்தரப்பையும் கேட்போம். அரசாங்கம் சொல்வது முழுவதும் பொய்யல்ல. போலி அட்மிஷன் கடிதங்களோடு இந்திய மாணவர்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தது 2023இலே வெளிவந்தது. ஏமாற்றியவர் ஏஜெண்டு, வெளியேற்ற நோட்டீஸ் வந்தது மாணவனுக்கு. அதன் பிறகு, 2023 டிசம்பர் முதல், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியே உறுதி செய்யவேண்டும் என்று விதித்தார்கள். அது சரியான காரியம். வீட்டு வாடகை ஏறிற்று, மக்கள் முணுமுணுத்தார்கள். 2024 ஜனவரியிலே புதிய மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு கட்டினார்கள். அவ்வாண்டுக்குச் சுமார் 3,60,000, முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 35 குறைவு. தம் நாட்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. கையிருப்புத் தொகையையும் அதே மாதத்திலே 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக்கினார்கள்; 2025 செப்டம்பரிலே 22,895 ஆக்கினார்கள். 1914இன் 200 டாலரை நினைத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றல்ல, அது ஆசியாக்காரனுக்கென்றே வைத்த விதி, இது எல்லா நாட்டாருக்கும் பொது. ஆனால், பொது விதியானாலும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது படிக்கட்டு, நம் வீட்டுப் பிள்ளைக்கு மதிற்சுவர்.

எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, மனுவைப் படிக்காமல் தள்ளுவது வேறு. 2018 முதல் “சினூக்” என்ற ஒரு கம்ப்யூட்டர்க் கருவியை அந்த இலாகா பயன்படுத்துகிறது. எக்செல் அட்டவணை போன்றது. பல மனுக்களை வரிசையாகக் காட்டும். மறுப்புக்கு வழக்கமான வாசகங்களைத் தயாராக நீட்டும். முடிவு செய்வது அதிகாரிதான், கருவி அல்ல என்கிறது இலாகா. நீதிமன்றமும் கருவியைப் பயன்படுத்தியதற்காகவே முடிவை ரத்து செய்வதில்லை. முடிவு நியாயமா என்றுதான் பார்க்கிறது. இருக்கட்டும். ஒரே அச்சிலே வார்த்த செங்கல் மாதிரி எல்லோருக்கும் ஒரே வாசகம் வந்தால், தன் காகிதத்தை யாராவது படித்தார்களா என்று மாணவன் கேட்கமாட்டானா?

இனி, நீதிமன்றத்தாலே ஆகாதது எது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஊரிலே சில ஏஜெண்டுகள், “கோர்ட்டிலே போட்டால் விசா வந்துவிடும்” என்று சொல்லிப் பணம் கறக்கிறார்கள். அது பொய். இது அப்பீல் அல்ல, மறு ஆய்வு. நீதிபதி விசா தருவதில்லை. அதிகாரியின் முடிவு நியாயமற்றது என்று கண்டால் அதை ரத்து செய்து, வேறோர் அதிகாரியிடம் திருப்பி அனுப்புகிறார். அவர் புதிதாகப் பார்ப்பார். தரலாம், வேறு காரணம் சொல்லி மறுபடியும் மறுக்கலாம். மனுவிலே வைக்காத புதுப் பத்திரத்தைப் பொதுவாக நீதிமன்றத்திலே நீட்டவும் முடியாது. அதிகாரி முன் எது இருந்ததோ அதுதான் வழக்கு.

அதற்கும் முன்னே ஒரு வாயிற்படி: முன் அனுமதி. வழக்கை விசாரிக்கலாமா என்று ஒரு நீதிபதி காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்வார். முடியாது என்றுவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. விசாரித்துத் தோற்றாலும், பொது முக்கியத்துவமுள்ள கேள்வி இருக்கிறது என்று அதே நீதிபதி சான்று கொடுத்தால்தான் மேலே போகலாம். நீதிமன்றக் கட்டணம் 50 டாலர்தான். வக்கீல் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. ஜெயித்தாலும் அந்தச் செலவு பொதுவாகத் திரும்புவதில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது காலம். ஒரு வழக்கு முடிய 14 முதல் 18 மாதம் வரை ஆகிக்கொண்டிருந்தது. செப்டம்பரிலே வகுப்பு தொடங்கவேண்டியவன் அடுத்த செப்டம்பரையும் தாண்டித் தீர்ப்பைக் கையிலே வைத்துக்கொண்டு நிற்பான். கல்லூரி இடம் காத்திருக்குமா? கடனுக்கு வட்டி காத்திருக்குமா? இதை நீதிமன்றமே உணர்ந்து 2024 அக்டோபர் 1ஆம் நாள் மாணவர் அனுமதி வழக்குகளுக்கென்றே ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கிற்று. முன் அனுமதியையும் வழக்கையும் சேர்த்து, நேர் விசாரணையில்லாமல் காகிதங்களைக் கொண்டே, ஐந்து மாதமளவில் முடிப்பது என்று குறிக்கோள். சிக்கலில்லாத வழக்குகளுக்கு மட்டும்; அதுவும் அரசாங்கத் தரப்பும் சம்மதித்தால்.

இன்னொரு மாறுதலையும் சொல்லவேண்டும். அதிகாரி உள்ளே எழுதிவைக்கும் குறிப்பிலேதான் உண்மைக் காரணம் இருக்கும். முன்பெல்லாம் கடிதம் மட்டும் வரும், குறிப்பு வராது. அந்நாட்டிலே உள்ள ஒருவர் மூலம் தகவல் சட்டப்படி 5 டாலர் கட்டி மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது வழக்குப் போட்ட பிறகுதான் கண்ணில் படும். தன்னை ஏன் மறுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளவே வழக்குப் போடவேண்டிய நிலை! 2025 ஜூலைக் கடைசியிலிருந்து மாணவர் அனுமதி உள்ளிட்ட சில மறுப்புகளோடு அந்தக் குறிப்பையும் சேர்த்தே அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். பேக்கர் அம்மையாரின் வக்கீல் கேட்டு வாங்கிய காகிதம், இப்போது கேளாமலே வருகிறது.

ஆகவே, வீட்டிலே பிள்ளையை அனுப்பும் தோழர்கள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். விண்ணப்பத்தை ஏஜெண்டு எழுதட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதன் நகல் ஒவ்வொரு தாளும் உங்கள் கையிலே இருக்கட்டும். இந்தப் படிப்பு ஏன், படித்து வந்து என்ன செய்யப்போகிறான், பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளையே தன் வார்த்தையிலே எழுதட்டும். நாளை நீதிபதி படிக்கப்போவது அதே தாள்தான். மறுப்பு வந்தால் இரண்டு வழி: குறையை நிரப்பிப் புது மனுப் போடலாம், அல்லது நீதிமன்றம் போகலாம். குறை உண்மையிலே உங்கள் மனுவிலே இருந்தால் முதல் வழிதான் மலிவு, அதுதான் விரைவு. கொடுத்த சான்றைப் பார்க்காமலே தள்ளியிருந்தால் இரண்டாம் வழி. அந்த நீதிமன்றத்திலே ஊர் ஏஜெண்டோ, கனடாவிலே இருக்கும் குடிநுழைவு ஆலோசகரோ உங்களுக்காக நிற்க முடியாது. அந்நாட்டு வக்கீல் வேண்டும். கெடு, நாட்டுக்கு வெளியே எடுத்த முடிவானால், மறுப்பு தெரியவந்த நாளிலிருந்து 60 நாள். கனடாவுக்குள்ளே எடுத்த முடிவானால் 15 நாளே. கடிதம் வந்த தேதியை அந்தக் கடிதத்தின் மேலேயே எழுதி வையுங்கள்.